15 பேர், ஒரு பதக்கம்: நியூபெரி கமிட்டிக்குள் என்ன நடக்கிறது?

[திரையில்: வட்ட முத்திரை ஒட்டிய சிறுவர் நூல் அட்டை]

அமெரிக்காவில் வெளியான சிறுவர் புத்தகங்கள் சிலவற்றின் அட்டையில் இப்படி ஒரு வட்ட முத்திரை இருக்கும். நியூபெரி பதக்கம். ஆண்டின் சிறந்த சிறுவர் நூலுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் 1922 முதல் கொடுத்து வருகிறது. இதை வாங்கிய புத்தகத்தை நூலகங்களும் பள்ளிகளும் தேடித் தேடி வாங்கும். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அரசு இல்லை, பதிப்பகமும் இல்லை. ஒரு பைசா சம்பளம் வாங்காத 15 பேர். பெரும்பாலும் நூலகர்கள்.

கமிட்டி என்றதும் நமக்கு டீ, பிஸ்கட், ‘அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்’ என்பதுதான் ஞாபகம் வரும். அப்படிப்பட்ட கமிட்டிகள் அங்கேயும் உண்டு, சந்தேகமே வேண்டாம். இது அந்த ரகம் இல்லை.

[திரையில்: 1876, பிலடெல்பியா]

அமெரிக்க நூலகச் சங்கம் 1876-இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. இப்போது தலைமையகம் சிகாகோ. 1921-இல் அதன் சிறுவர் நூலகர்கள் கூட்டத்தில், பதிப்புத் துறையைச் சேர்ந்த பிரெடெரிக் மெல்ச்சர் இந்தப் பரிசு யோசனையைச் சொன்னார். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் குழந்தைகளுக்கென்றே புத்தகம் போட்டு விற்ற ஜான் நியூபெரியின் பெயரை வைத்தார்கள். மெல்ச்சர் ஒரு காரியம் சரியாகச் செய்தார்: தேர்வை நூலகர்கள் கையில் கொடுத்துவிட்டார். குழந்தை எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறது என்பது தினமும் அவர்கள் கண்ணெதிரே நடக்கிறது.

சரி, கமிட்டிக்குள் எப்படி நுழைவது? சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். விருப்பப் படிவம் நிரப்பித் தர வேண்டும். சிலர் உறுப்பினர்கள் ஓட்டில் வருவார்கள், சிலரைச் சங்கப் பொறுப்பாளர்கள் நியமிப்பார்கள். நேராக நியூபெரிக்கு விண்ணப்பிப்பதைவிட, முதலில் உதவித்தொகைக் கமிட்டி, மாநாட்டு ஏற்பாட்டுக் கமிட்டி மாதிரி சின்ன இடங்களில் வேலை செய்து முகம் தெரியவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்கள், பார்சல் மழை. பதிப்பகங்கள் புத்தகங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். நூற்றுக்கணக்கில். வேலை முடிந்த மாலைகளிலும் வார இறுதியிலும் படிக்க வேண்டும். நல்லதென்று தோன்றுவதைத் திரும்பவும் படிக்க வேண்டும். சந்தாவும் மாநாட்டுப் பயணச் செலவும் பல நேரம் சொந்தப் பணம். வேலை பார்க்கும் நூலகம் தந்தால் அதிர்ஷ்டம்.

ஏன் வருகிறார்கள்? பல்கலைக்கழக நூலகர்கள் பலருக்குப் பதவி உயர்வில் இந்த மாதிரிச் சங்கப் பணி கணக்கில் வரும். அது நியாயமான காரணம்தான். ஆனால் பயோடேட்டாவில் ஒரு வரி போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட லேசான கமிட்டிகள் நிறைய இருக்கின்றன.

[திரையில்: மேசையைச் சுற்றி 15 நாற்காலிகள்]

வருட முடிவை நெருங்கும்போது ஒவ்வொருவரும் தங்கள் பரிந்துரைகளை, காரணத்தோடு எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு விவாதம். ‘எனக்குப் பிடித்தது’ என்பது அங்கே செல்லாது. எந்தப் பக்கம், எந்த வசனம், கதாபாத்திரம் எங்கே உயிர் பெறுகிறது என்று காட்ட வேண்டும். முதலில் புத்தகத்தின் பலம், அப்புறம்தான் குறை. எழுத்தாளரின் பழைய புத்தகத்தை இழுக்கக் கூடாது. அந்த ஆண்டு வந்த புத்தகங்கள் மட்டும்தான் பேச்சு. உள்ளே பேசியது வெளியே வரக் கூடாது. பரிசு அறிவித்த பிறகும்கூட.

இப்போது ஓட்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒவ்வொருவரும் மூன்று புத்தகங்களை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு 4 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 2. ஜெயிக்க இரண்டு நிபந்தனை: குறைந்தது 8 பேர் முதலிடம் தந்திருக்க வேண்டும், அடுத்த புத்தகத்தைவிட 8 புள்ளி முன்னால் இருக்க வேண்டும்.

[திரையில்: இரண்டு பத்தியில் கணக்கு]

8 பேர் ‘அ’ புத்தகத்துக்கு முதலிடம் தருகிறார்கள், ‘ஆ’வுக்கு இரண்டாமிடம். மீதி 7 பேர் அப்படியே தலைகீழ். ‘அ’வுக்கு 32-உம் 21-உம் சேர்த்து 53. ‘ஆ’வுக்கு 28-உம் 24-உம் சேர்த்து 52. பெரும்பான்மை ‘அ’ பக்கம்தான், ஆனால் பதக்கம் இல்லை! திரும்பவும் பேச வேண்டும், திரும்பவும் ஓட்டு. சாதாரணத் தேர்தலாக இருந்தால் அந்த எட்டுப் பேர் கைதட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இங்கே எதிர்ப்பக்கத்து ஏழு பேரில் சிலரையாவது மனம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் தாங்கள் மாற வேண்டும். ராத்திரி எவ்வளவு நேரமானாலும் சரி.

பதக்கத்தைத் தவிர, சிறப்பு நூல்கள் என்று சிலவற்றையும் கமிட்டி அறிவிக்கலாம். எத்தனை என்பது அவர்கள் விருப்பம்.

வழக்கமாக ஜனவரியில், ஒரு திங்கட்கிழமை காலையில் அறிவிப்பு. அதற்கு முன்னால் கமிட்டி எழுத்தாளரைக் கூப்பிட்டுச் சொல்லும். அறிவிப்பு நாளன்று விடியற்காலையில் போன் செய்த காலத்தில் பலர் தூக்கக் கலக்கத்தில்தான் எடுத்தார்கள்.

இவர்கள் வேலை அதோடு முடிந்தது. அடுத்த பரிசுக் கமிட்டிக்குள் வர இடைவெளி விட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான 15 பேர் ஏற்கெனவே பார்சல் பிரிக்க ஆரம்பித்திருப்பார்கள்.