ஒரே மெஷினில் ஐந்து வேலை: வீட்டுப் பட்டறைக்கு ஒத்துவருமா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரு ஸ்டூல் செய்யப் போகிறேன், ஆனால் மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பேசிவிடுகிறேன். எனக்குப் பின்னால் தெரிகிறது பாருங்கள், இந்தப் பட்டறையில் இருக்கிற பெரிய மெஷின் இது ஒன்றுதான். வட்ட ரம்பம், பலகையின் ஒரு முகத்தை இழைத்து நேராக்குகிற பிளானர், கனத்தை ஒரே அளவாக்குகிற திக்னெஸர், பக்கவாட்டில் துளை போடுகிற டிரில், காடி எடுக்கிற ஸ்பிண்டில், ஐந்தும் ஒரே உடம்பில். இதை வாங்கலாமா, இல்லை தனித்தனியாக வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். மெஷின் தரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று மட்டும் அளந்து பார்க்கிறோம். ஆனால் எட்டடிப் பலகை ஒன்றை ரம்பத்தில் நீளவாக்கில் அறுக்கிறீர்கள் என்றால் ரம்பத்துக்கு முன்னால் எட்டடி வேண்டும், அறுபட்டு வெளியே வர பின்னால் இன்னொரு எட்டடி வேண்டும். பிளானருக்கும் அதே கதை, திக்னெஸருக்கும் அதே கதை. மூன்றையும் தனித்தனியாக வைத்தால் மூன்றுக்கும் இந்த ஓட்டத்தைத் திறந்துவைக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றை இழுக்க வேண்டும். கூட்டு மெஷினில் அந்த ஓட்டத்தை எல்லா வேலைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சின்ன அறையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் ஷாப்ஸ்மித் என்று ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். எஃகுக் குழாய்களின் மேல் நகர்கிற ஒரே மோட்டார் தலைதான், அதில் ரம்பத்தை மாட்டினால் அறுக்கும், வட்டத் தகடை மாட்டினால் தேய்க்கும், மரத்தை இரண்டு முனையில் பிடித்தால் கடைசல், அப்படியே படுத்த நிலையில் பக்கவாட்டுத் துளை, முழு மெஷினையும் நிமிர்த்தி நிறுத்தினால் மேலிருந்து கீழே துளை. அதில் 1953இல் வந்த மார்க் 5 என்ற மாடலை இன்றைக்கும் வைத்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சாய்வாக அறுக்க அதில் ரம்பம் சாயாது, மேசைதான் சாயும். ஐரோப்பாவில் வளர்ந்தது வேறு மாதிரி, கடைசல் இல்லாமல் ரம்பத்தையும் இழைப்பையும் நடுவில் வைத்துக் கட்டிய கனமான மெஷின். என்னுடையது அந்த இனம்.

சரி, கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், இதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

இந்த உருளை தெரிகிறதா, இதுதான் கட்டர் பிளாக். இதில் கத்திகள் பதிந்திருக்கின்றன. இப்போது மேசை மேலே மூடியிருக்கிறது, அதாவது பிளானர். பலகையை மேலே வைத்துக் கையால் தள்ளினால் அடிப்பக்கம் இழைபட்டுச் சமமாகும். இனி இந்த இரண்டு பிடியையும் தளர்த்தி மேசையை மேலே தூக்குகிறேன். தூள் உறிஞ்சுகிற கூட்டைத் திருப்பிக் கட்டர் பிளாக்குக்கு மேலே கவிழ்க்கிறேன், குழாயை மாட்டுகிறேன். இப்போது அதே கத்திகள், ஆனால் பலகை கீழே போகும், ரோலர்கள் இழுத்துக்கொண்டு போகும், மேல்பக்கம் இழைபடும். கவனித்தீர்களா, உருளை சுற்றுகிற திசை மாறவில்லை, அதனால் பலகை போகிற திசை நேர் எதிராகிவிடுகிறது. நானும் மெஷினின் அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம் ஆனது.

இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, தாராளமாக வாங்குங்கள் என்பேன். ஏனென்றால் இரண்டும் ஒன்றில்லாமல் ஒன்று பாதி வேலைதான் செய்யும். வளைந்த பலகையை நேராகத் திக்னெஸரில் விட்டால் ரோலர் அதை அழுத்தித் தட்டையாக்கி உள்ளே இழுக்கும், கத்தி இழைக்கும், வெளியே வந்ததும் பலகை பழையபடி வளைந்துகொள்ளும், கனம் மட்டும் குறைந்திருக்கும். முதலில் பிளானரில் ஒரு முகத்தை நேராக்கி, அதைக் கீழே வைத்துத் திக்னெஸரில் விட்டால்தான் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக வரும். அதோடு, தனியாக வருகிற சின்ன பிளானர்கள் பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு அங்குல அகலம்தான். கூட்டு மெஷினில் ஒரே கத்தி இரண்டு வேலைக்கும் என்பதால் திக்னெஸர் அகலம் முழுவதும் பிளானருக்கும் கிடைக்கிறது, என்னுடையதில் பன்னிரண்டு அங்குலம். அகலமான பலகையைக் கிழிக்காமல் அப்படியே இழைக்கிற சந்தோஷம் தனி.

ரம்பத்துக்கு வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஒருமுறை ஒரு அலமாரிக்குத் தட்டுகள் அறுத்தேன், ஆறு தட்டு, எல்லாம் ஒரே அகலம். அறுத்து முடித்துவிட்டு ஃபென்ஸை, அதாவது பலகையை ஒட்டித் தள்ளுகிற பக்கத் தடுப்பை, கழற்றி, மெஷினை பிளானருக்கு மாற்றி, ஓரங்களை இழைத்து, அப்புறம் துளையும் போட ஆரம்பித்த பிறகு ஒரு தட்டு முடிச்சு இருந்த இடத்தில் பிளந்துவிட்டது. மறுபடி எல்லாவற்றையும் ரம்பத்துக்கு மாற்றி, அளவுகோலைப் பார்த்து அதே எண்ணில் ஃபென்ஸை வைத்து அறுத்தேன். அரை மில்லிமீட்டர் வித்தியாசம். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் விரல் நுனியில் படி தட்டுகிறது. கடைசியில் ஆறையும் சேர்த்துப் பிடித்து மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று, அலமாரியின் ஆழம் கொஞ்சம் குறைந்துபோனது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த அளவில் அறுத்தாலும் கூடவே ஒரு துண்டு அதிகமாக அறுத்து வைத்துவிடுவேன், மிச்சமானால் அடுத்த வேலைக்கு ஆகும். திரும்ப அந்த அளவுக்கே போக வேண்டியிருந்தால் எண்ணை நம்பாமல், ஏற்கெனவே அறுத்த துண்டையே ரம்பப் பல்லுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் வைத்து இறுக்குவேன்.

அப்புறம் வேலையின் வரிசை. இந்த ஸ்டூலையே எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு கால், நான்கு குறுக்குச் சட்டம், மேலே ஒட்டுவதற்கு மூன்று பலகை. முதலில் ஒரு காலை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம் என்று இருந்தால் நாள் முழுக்க மெஷினை மாற்றிக்கொண்டேதான் இருப்பீர்கள். பதினொரு துண்டுக்கும் ஒரு முகம், ஒரு ஓரம், எல்லாம் பிளானரில். அப்புறம் மேசையைத் தூக்கி எல்லாவற்றுக்கும் கனம். அப்புறம் ரம்பத்தில் எல்லாவற்றுக்கும் அகலம், நீளம். கடைசியில் துளை. இதற்கு முன்னாலேயே வரைபடம் முழுதாக இருக்க வேண்டும், போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஆளுக்கு இந்த மெஷின் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து காதில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைந்த சில கூட்டு மெஷின்களில் ரம்பமும் கட்டர் பிளாக்கும் ஒரே தண்டில் இருக்கும். நீங்கள் இங்கே இழைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே ரம்பமும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட மெஷின் என்றால் இழைக்கும்போது ரம்பத்தைக் கழற்றியே வைத்துவிடுங்கள், அறுக்கும்போது கத்திகளை முழுதாக மூடிவிடுங்கள். பெரிய மெஷின்களில் பெரும்பாலும் மூன்று மோட்டார், எது ஓட வேண்டும் என்று ஒரு சுவிட்சில் தேர்ந்தெடுக்கலாம், மற்றவை நிற்கும். வாங்கப் போனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், மேசையின் பளபளப்பை இல்லை. இன்னொன்று, காடி எடுக்க ரம்பத்தின் மேல்கவசத்தையோ, பின்னால் நிற்கும் தகட்டையோ கழற்றியிருப்பீர்கள், அடுத்த வேலைக்கு மாறுகிற அவசரத்தில் திரும்ப மாட்ட மறந்துபோகும். அந்தத் தகடு இல்லாமல் பலகையைக் கிழித்தால், அறுத்த வாய் மூடி ரம்பத்தைக் கவ்வி, பலகை உங்கள் வயிற்றை நோக்கித் திரும்பி வரும். நான் கழற்றுகிற எதையும் மெஷினின் சுவிட்சுக்கு முன்னாலேயே தொங்கவிடுகிறேன், அதை நகர்த்தாமல் பட்டனைத் தொட முடியாது.

தினமும் இதிலேயே பிழைப்பு, இரண்டு பேர் சேர்ந்து வேலை என்றால் தனித்தனி மெஷின்தான் சரி, ஒருவர் அறுக்கும்போது மற்றவர் சும்மா நிற்க முடியாது. இடம் தாராளமாக இருக்கிறவர்களும் ரம்பத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு, பிளானரும் திக்னெஸரும் சேர்ந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில், ஒற்றை ஆளாக, ஒற்றை அறையில் வேலை செய்கிறவர் என்றால் என்னைப்போல ஐந்தும் சேர்ந்ததே போதும், நான் வருத்தப்பட்டதில்லை.

சரி, கூட்டை எடுத்துவிட்டு மேசையை மறுபடி மூடிவிட்டேன், பிளானர் தயார். முதல் கால் இதோ. நடுவில் குழிந்திருக்கிற பக்கம் கீழே, அப்போதுதான் இரண்டு முனையும் மேசையில் உட்காரும், பலகை ஆடாது. காதுக் கவசம் போட்டுக்கொள்கிறேன், நீங்களும் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், சத்தம் பெரிதாக இருக்கும்.