மே மாதச் சம்பளம்

(அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில், பணி விதிகளைத் திருத்தக் குழு அமைத்த சமயத்தில் ஆசிரியர் மன்றக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களே, செயலர் அவர்களே, துறைத் தலைவர்களே, தோழர்களே, வணக்கம்.

பணி விதிகளைத் திருத்தக் குழு போட்டிருக்கிறீர்கள். மனதார வரவேற்கிறேன். குழுவின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். ஏழு பேர். ஏழு பேருமே எய்டட் ஆசிரியர்கள், அதாவது அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள். இந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களில் பாதிக்கு மேல் மேனேஜ்மென்ட் ஸ்டாஃப், அதாவது நிர்வாகமே சம்பளம் தரும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. விதிகளில் கை வைப்பதற்கு முன்னால் இந்தப் பட்டியலைத் திருத்துங்கள் என்று கேட்கத்தான் முதலில் எழுந்தேன்.

நான் எய்டட் ஆசிரியராக ஓய்வு பெற்றவன். எனக்குக் கிடைத்த பாதுகாப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும். 1976-இல் தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தபோது தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஓர் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ய வேண்டுமென்றால் உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று அது சொன்னது. அதற்கு முன்பு, “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்ற ஒரு வார்த்தையில் வேலை போனதை என் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நடைமுறையில் அந்தப் பாதுகாப்பு கருவூலச் சம்பளக்காரர்களோடு நின்றுவிட்டது. அதே பாடத்திட்டத்தை அதே பிள்ளைகளுக்கு மத்தியானம் ஷிப்ட் டூ என்கிற சுயநிதிப் பிரிவில் நடத்துகிறவர் இன்றைக்கும் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் இருக்கிறார்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் முதல் வேலை ஒரு சுயநிதிக் கல்லூரியில். சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து எம்.ஃபில். வரை எல்லா அசல் சான்றிதழ்களையும் வாங்கி, குண்டூசி குத்தி, அலுவலகக் கண்காணிப்பாளர் பீரோவில் வைத்துப் பூட்டினார். இரண்டு வருடம் கழித்து ஆசிரியர் தேர்வு வாரியத்திலிருந்து சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. அசலைக் கேட்டுப் போனேன். மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். அம்மா கையிலிருந்த இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. பீரோவைத் திறந்து சான்றிதழ்க் கட்டை எடுத்துக் கொடுத்தார்கள். குண்டூசி துருப்பிடித்து, என் பத்தாம் வகுப்புப் பட்டியலின் மூலையில் பழுப்பாக ஒரு கறை. இன்றும் அது இருக்கிறது. நம் அலுவலகத்திலும் ஒரு பீரோ இருக்கிறது, ஐயா. சரிபார்த்த அன்றைக்கே அசலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நகல் மட்டும் கோப்பில் இருக்கட்டும் என்று புதிய விதியில் ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம் மே மாதம். மேனேஜ்மென்ட் ஸ்டாஃபுக்கு ஜூனில் ஆர்டர், ஏப்ரல் கடைசியில் விடுவிப்பு, அடுத்த ஜூனில் திரும்பவும் புது ஆர்டர். பதினோரு மாதச் சம்பளம். மே மாதத்தில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்தா இருக்கிறார்கள்? மதிப்பீட்டு அறையில் விடைத்தாள் திருத்துகிறார்கள். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் ‘நாக்’ அமைப்புக்கான கோப்புகளை அடுக்குகிறார்கள். அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராகப் போகிறார்கள் (இந்த வேலையை எந்த ஆசிரியருக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து). வீட்டுக்காரர் மே மாத வாடகையை விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு மாதச் சம்பளம் மிச்சமாகிறது என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. தொடர்பணி என்று சொல்ல முடியாதபடி நடுவில் ஒரு வெட்டு விழுகிறது. அந்த வெட்டு எங்கே வலிக்கும் என்பதற்குப் பணிக்கொடையை, அதாவது பணி முடியும்போது தரும் கிராஜுவிட்டியைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பணியாளர்’ என்பதற்கு இருந்த விளக்கத்துக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களுக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டப்படி, ஐந்து வருடத் தொடர்பணி இருந்தால், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில். கடைசிச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 15,000. பத்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம். இவ்வளவு வருடம் போராடிக் கிடைத்த அந்த ஒன்றரை லட்சத்தைக் கேட்கப் போனால், “உங்களுக்கு எங்கே ஐந்து வருடத் தொடர்பணி?” என்று திருப்பிக் கேட்க அந்த ஒரு மே மாதம் உதவிவந்தது.

செயலர் அவர்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். சுயநிதிப் பிரிவு மாணவர் கட்டணத்தில் ஓடுகிறது, அரசு ஒரு ரூபாய் தருவதில்லை. உண்மைதான். அதே சமயம், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. அவர்கள் ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாதச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. ஏழாவது ஊதியக் குழுப்படி அந்தப் பதவியின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700. நாளைக்கே அதைக் கொடுங்கள் என்று கேட்க மாட்டேன். ஆனால் ஓர் ஊதிய அட்டவணை வேண்டும். வருடா வருடம் எவ்வளவு ஏறும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இப்போது செயலர் அறைக்கு ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு, கேட்கத் தெரிந்தவருக்கு ஆயிரம், கூச்சப்படுகிறவருக்கு ஐந்நூறு என்று நடக்கிறது. பன்னிரண்டு மாதச் சம்பளத்தையாவது இந்த வருடமே தொடங்கிவிடலாம்.

பணிச்சுமைக்கு நீளமாகப் பேச வேண்டியதில்லை. உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு என்பதுதான் அதே விதிமுறைகளில் இருக்கிறது. அது இரண்டு ஷிப்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு, 2013 சட்டப்படி நம் கல்லூரியில் இருக்கிறது. பெயர்ப் பலகையும் மாட்டியிருக்கிறோம். விசாரணையை முடிக்கச் சட்டம் 90 நாள் தருகிறது. பிப்ரவரியில் ஓர் ஒப்பந்த ஆசிரியை புகார் கொடுக்கிறார் என்று வையுங்கள். விசாரணை முடிவதற்குள் அவருடைய ஆர்டர் முடிந்துவிடும். புகார் கொடுத்தவர் ஜூனில் திரும்ப வருவாரா என்பதை யார் முடிவு செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் வாயைத் திறக்கவே மாட்டார். விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவரின் பணி ஆணை தானாகக் காலாவதி ஆகாது என்று எழுதுங்கள். சட்டம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நாமே எழுதலாம்.

குழு முதன்முதலாக வரும் வியாழக்கிழமை கூடுகிறது என்று முதல்வர் சொன்னார். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஷிப்ட் டூ ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அந்த இரண்டு நாற்காலிகளைப் போட்ட பிறகு குழு உட்காரட்டும். வணக்கம்.