ஈரோட்டில் பிறந்தவர், இந்தியாவுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர்: பேராசிரியர் வி. ராஜாராமன்

(திரையில்: பேராசிரியரின் படம், 1933–2025)

வணக்கம். எண்பதுகளில், தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் படித்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், ‘ராஜாராமன் புக்’ என்று சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும். போர்ட்ரான், கோபோல் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழிகள், கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் வழிகளைச் சொல்லும் நியூமரிக்கல் மெதட்ஸ் என்று எதற்கும் அவருடைய புத்தகம் ஒன்று இருந்தது. அந்தப் பேராசிரியர் 2025 நவம்பர் 8 அன்று பெங்களூருவில் காலமானார். வயது 92.

பிறந்தது ஈரோடு. பள்ளியும் கல்லூரியும் டெல்லியில். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்தபோது, அங்கே உருவான அனலாக் கம்ப்யூட்டரில், அதாவது இலக்கங்களுக்குப் பதில் மின்னழுத்த அளவுகளைக் கொண்டு கணக்குப் போடும் இயந்திரத்தில், வேலை பழகினார். அப்புறம் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதுகலை, 1961-ல் அங்கேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது. ஆனாலும் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்துவிட்டார்.

(திரையில்: துளையிட்ட அட்டை, மிக அருகில்)

1963-ல் கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. இதற்குள் கூட்டல் போடத் தனி மின்சுற்றே கிடையாது! கூட்டல் வாய்ப்பாட்டை நினைவகத்தில் ஏற்றிவைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் விடை சொல்லும். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் துளையிட்ட ஓர் அட்டை, ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்கு இடம். அட்டைக்கட்டை உள்ளே கொடுத்தால், கம்பைலர் என்ற மொழிமாற்றும் புரோகிராம் அதை இயந்திர மொழிக்கு மாற்றி, இன்னொரு கட்டு அட்டையாகத் துளைத்து வெளியே தள்ளும். அதை மறுபடி உள்ளே கொடுத்தால்தான் புரோகிராம் ஓடும். நடுவில் ஒரு கமா விட்டுப்போயிருந்தால், புது அட்டை அடித்துக்கொண்டு முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

இந்த இயந்திரத்தைப் பூட்டி வைக்காமல் மாணவர்களின் கையிலேயே விட்டார்கள். வெளியூர் ஆசிரியர்களுக்கும் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி நடந்தது. 1965-ல், எலக்ட்ரிக்கல் துறைக்குள்ளேயே கணினி அறிவியலுக்கான எம்.டெக். படிப்பு தொடங்கியது, அதற்கு முன்னின்றவர் ராஜாராமன். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி கான்பூரில் அவரிடம் படித்தவர்தான்.

வகுப்புக் குறிப்புகள் புத்தகமாயின. வெளிநாட்டுப் புத்தகம் வாங்க வசதியில்லாத மாணவனும் வாங்கட்டும் என்று மலிவு விலையிலேயே வெளியிட வைத்தார்.

(திரையில்: தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேப்)

சரி, அவர் செய்ததில் எது பெரியது என்று கேட்டால், எம்.சி.ஏ. என்ற முதுகலை கம்ப்யூட்டர் படிப்பைத்தான் நான் சொல்வேன். 1980-களின் தொடக்கத்தில் நாட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆட்கள் போதவில்லை. இதற்கு வழி தேட அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். பொறியியல் பட்டம் எதற்கு, கணக்கு தெரிந்த எந்தப் பட்டதாரியும் மூன்று வருடம் படித்தால் போதுமே என்றது குழு. இன்ஜினியரிங் சீட் கிடைக்காமல் பி.எஸ்சி. மேத்ஸ் முடித்த எத்தனை பிள்ளைகள் கோவையிலும் திருச்சியிலும் நெல்லையிலும் இந்த வழியாக ஐ.டி. வேலைக்குள் நுழைந்தார்கள்! தங்களுக்கு வழி போட்டவரின் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

1982 முதல் 1994 வரை பெங்களூரு அறிவியல் கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தை நடத்தினார். பல செயலிகள் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்யும் இணைக் கணினிகளை இங்கேயே செய்யலாம் என்று அவர் தலைமையிலான குழு பரிந்துரைத்த பிறகுதான், 1988-ல் சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. 1998-ல் பத்ம பூஷண்.

ஓய்வுக்குப் பிறகும் எழுதுவதை விடவில்லை. இந்தியக் கணினித் துறையின் 1955 முதல் 2010 வரையிலான வரலாற்றை எழுதி முடித்தபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.