மகமை எழுதுவதற்கு முன்

காரைக்குடியிலிருந்து உங்கள் அனைவருக்கும் வணக்கம். படித்துக்கொண்டே தொழில் தொடங்கியிருக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் பலர், லாபத்தில் ஒரு பங்கைச் சாமிக்கு ஒதுக்குவது சரியா என்று கேட்கிறீர்கள். ஒதுக்குங்கள் என்பதே என் விடை. ஆனால், அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

நம் செட்டிநாட்டில் இதற்கு மகமை என்று பெயர். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வரவிலிருந்து கோயிலுக்கும் அறத்துக்கும் ஒரு பங்கை எடுத்துப் பேரேட்டிலேயே எழுதி வைத்தார்கள். சிங்கப்பூரில் 1859-இல் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. பர்மாவின் இரங்கூனிலோ, கடனுக்கு அப்போதைக்கு வாங்க வேண்டிய நடப்பு வட்டி எவ்வளவு என்பதையே கோயிலில் கூடித்தான் முடிவு செய்தார்கள். வழிபாட்டுக்குக் கூடிய அதே இடத்தில் வாக்கும் வட்டியும் பலர் அறியப் பேசப்பட்டதால், சொல் தவறியவருக்கு அந்தச் சபையில் மதிப்பு இருந்திருக்காது. பக்தி தொழிலுக்குத் தந்த பெரும்பலம் இதுதான் என்று நான் கருதுகிறேன். பின்னாளில் காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார், மின்வேதியியல் ஆய்வு நிலையம் இங்கே அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததை இந்த மரபின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

இதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை விட்டுவிட்டுப் பேசுவது உங்களுக்கு நன்மை செய்யாது. 1930-களில் நெல் விலை சரிந்தபோது பர்மிய விவசாயிகளால் செட்டியார்களிடம் வாங்கிய கடனை அடைக்க முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் சில ஆண்டுகளுக்குள் செட்டியார்கள் கைக்கு வந்தது. பணத்தைக் கேட்டார்களே தவிர நிலத்தை விரும்பிக் கடன் கொடுத்தவர்கள் அல்லர் அவர்கள். ஆயினும் உழுதவனிடம் நிலம் இல்லை. பங்கு கொடுக்கும் மரபு அந்த இழப்பைத் தடுக்கவில்லை என்பது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகவே, பணம் எங்கே போகிறது என்பதைவிட எப்படி வருகிறது என்பதில்தான் உங்கள் சமயம் முதலில் வேலை செய்ய வேண்டும். இஸ்லாமிய மாணவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஜகாத்தாக நாற்பதில் ஒரு பங்கு கொடுக்கச் சொல்லும் அதே மார்க்கம், வட்டி கூடாது, அளவு குறையக் கூடாது என்று ஈட்டும் வழியையும் கட்டுப்படுத்துகிறது.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை இன்ஸ்டாகிராமில் விற்கும் தங்கைகளை எண்ணித்தான் இதைச் சொல்கிறேன். நெய்தவருக்கு உரிய கூலியைக் கடைசி ரூபாய் வரை அடித்துப் பேசிக் குறைத்து, அதையும் விற்ற பிறகுதான் தருவேன் என்று நிறுத்தி வைத்துவிட்டுப் பிள்ளையார்பட்டி உண்டியலில் போடும் பணம் உண்மையில் அந்த நெசவாளருடையது. நூல் விலை, நெசவுக் கூலி, உங்கள் உழைப்புக்கான தொகை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். நெசவாளர் பாக்கி தீர்ந்த பிறகு நிற்கும் லாபத்தில் மகமை எடுங்கள். மாணவப் பருவத்தில் அந்தத் தொகை மிகச் சிறியதாகவே இருக்கும், சில மாதங்களில் ஒன்றுமே இருக்காது. அந்த மாதங்களில் சுழியம் என்றே எழுதுங்கள்.