பெரெஸின் 152 புள்ளிகளுக்குக் கணக்கு எங்கே?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, வேலை முடித்து நேராகத் தண்டையார்பேட்டைக்கு வந்து இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ஃபார்முலா 1 பட்டத்தைத் தீர்மானிப்பது காரின் வேகமா, ஓட்டுபவரின் திறமையா? திறமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் 2009-ஐ எடுத்து வைத்தார். ஹோண்டா ஃபார்முலா 1-இலிருந்து விலகியது, அதன் அணித் தலைவராக இருந்த ராஸ் பிரான் அந்த அணியைக் கையிலெடுத்தார், காரின் பின்புறத்தில் இரட்டை டிஃப்யூசர், அதாவது அடியில் ஓடும் காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் அமைப்பு, வந்தது, முந்தைய ஆண்டு முழுவதும் 3 புள்ளிகளே எடுத்திருந்த ஜென்சன் பட்டன் சாம்பியன் ஆனார். ஆகவே கார்தான் என்றார். கைதட்டினீர்கள். ஆனால் அவர் பாதிக் கதையில் நிறுத்திவிட்டார். அதே அணியில், அதே காரில் ரூபன்ஸ் பாரிசெல்லோவும் இருந்தார். முதல் 7 பந்தயங்களில் பட்டனுக்கு 6 வெற்றிகள். பாரிசெல்லோவுக்கு ஒன்றுகூட இல்லை. அவர் ஒன்றும் கற்றுக்குட்டி அல்ல, ஃபெராரியில் பல பந்தயங்களை வென்றவர். பிறகு மற்ற அணிகளும் அந்த நுட்பத்தைப் பிடித்துக்கொண்டன. காரின் சாதகம் கரைந்தது, பட்டனுக்கு அந்த ஆண்டு மறு வெற்றியே கிடைக்கவில்லை. ஆனாலும் பிரேசிலில் 14-ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு, துணிந்து முந்தி, 5-ஆவதாக வந்து பட்டத்தை உறுதிசெய்தாரே, அன்று அவரைக் கரைசேர்த்தது டிஃப்யூசரா?

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். ஒரே முதலாளியின் லாரி, ஒரே எஞ்சின், ஒரே 40 அடிப் பெட்டி. ஒருவர் குறுகலான யார்டுக்குள் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவார். இன்னொருவர், கிளீனர் தொண்டை வற்றக் கத்தினாலும், நான்கு முறை முன்னும் பின்னும் போய் வருவார். வடக்கே சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் என் தந்தை தவறாமல் போவார். திரும்பி வந்தால் காரின் பெயரைச் சொல்ல மாட்டார். வளைவில் யார் எவ்வளவு தாமதமாக பிரேக்கை மிதித்தார் என்பதைத்தான் இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் சென்னையின் கருண் சந்தோக் 2010-இல் ஓட்டிய எச்ஆர்டி அணி அந்த ஆண்டு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்தக் காரில் யார் அமர்ந்திருந்தாலும் பட்டம் கிடைத்திருக்காது. ஆனால் நம் தலைப்பு பட்டப் போட்டி. அதற்குள் நுழைந்தவர்கள் எல்லோரிடமும் நல்ல கார் இருக்கிறது. 1984-இல் நிக்கி லாடாவுக்கும் அலன் புரோஸ்டுக்கும் ஒரே மெக்லாரன் அணியின் கார். புரோஸ்டுக்கு 7 வெற்றிகள், லாடாவுக்கு 5. கடைசிப் பந்தயத்தில், போர்ச்சுகலின் எஸ்டோரிலில், 11-ஆம் இடத்தில் தொடங்கிய லாடா இரண்டாவதாக வந்தார். 72-க்கு 71.5. அரைப் புள்ளியில் பட்டம்!

இனி 2024. தொடக்கத்தில் ரெட் புல் அணியின் கார் வலுவாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். முதல் 10 பந்தயங்களில் அதன் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 7-ஐ வென்றார். அதன்பின் கார் பின்தங்கியது. அடுத்த 10 பந்தயங்களில் அவருக்கு வெற்றியே இல்லை. வெல்ல முடியாத நாளில் இரண்டாவது, அதுவும் முடியாத நாளில் நான்காவது, ஐந்தாவது என்று புள்ளி புள்ளியாகச் சேர்த்தார். பிறகு வந்தது பிரேசிலின் சாவ் பாவ்லோ பந்தயத்தில் பெய்த மழை. நனைந்த ஓடுபாதையில் டயரின் பிடிப்பு சுற்றுக்குச் சுற்று மாறும். அதை உடம்பால் உணர்ந்தால்தான் உண்டு. 17-ஆம் இடத்தில் தொடங்கி வென்றார். முதலிடத்தில் தொடங்கிய மெக்லாரனின் லேண்டோ நோரிஸ் ஆறாவதாக வந்தார். பந்தயத்தை இடையில் நிறுத்திய சிவப்புக் கொடி அவருக்கு உதவியது என்பீர்கள். உதவியதுதான். அதற்கு முன்பே அவர் முதல் ஆறு பேருக்குள் வந்துவிட்டாரே!

அந்த ஆண்டு அணிகளுக்கான பட்டம் மெக்லாரனுக்கு. இரண்டாமிடம் ஃபெராரிக்கு. ரெட் புல் மூன்றாவது. அந்த மூன்றாவது அணியின் காரில் வெர்ஸ்டாப்பன் 437 புள்ளிகளுடன் உலகச் சாம்பியன். அதே அணியின் செர்ஜியோ பெரெஸ் 152 புள்ளிகளுடன் எட்டாவது.

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் வேறெதுவும் சொல்ல வேண்டாம். அந்த 285 புள்ளி வித்தியாசம் காரின் எந்தப் பாகத்தில் இருந்தது என்று மட்டும் காட்டட்டும்.