பக்கம் மாறியும் நீங்காத நினைவகம்: ஒற்றைப் பக்கச் செயலிகளில் மெமரி லீக்கைக் கண்டறிதல்

வணக்கம். காலையில் திறந்த வலைச் செயலி மாலைக்குள் தடுமாறத் தொடங்குகிறது. ரீலோட் செய்தவுடன் பழைய வேகம் திரும்பிவிடுகிறது. நினைவகக் கசிவை (மெமரி லீக்), அதாவது தேவை முடிந்த பொருள்கள் நினைவகத்தை விட்டு நீங்காமல் சேர்ந்துகொண்டே போவதை, சந்தேகிக்க இந்த அறிகுறியே போதும்.

வழக்கமான இணையதளத்தில் ஒவ்வொரு சொடுக்குக்கும் புதிய பக்கம் வருவதால், பழைய பக்கம் விட்டுச்சென்ற குப்பை பெரும்பாலும் அதனுடனேயே போய்விடும். ஒற்றைப் பக்கச் செயலியிலோ முகவரி மாறுகிறதே தவிர, விண்டோவும் டாக்குமென்டும் அப்படியே இருக்கின்றன. முகவரிக்கேற்பக் காட்சியை மாற்றும் ரவுட்டர் என்ற நிரல்பகுதி ஒரு காட்சியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிறது. எடுக்கப்பட்ட காட்சி திரையை விட்டுப் போனது உண்மை. நினைவகத்தை விட்டும் போனதா என்பதே நம் கேள்வி.

நினைவகக் குப்பையைக் கூட்டும் கார்பேஜ் கலெக்டர், ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்) இனித் தேவையா என்று ஆராய்வதில்லை. விண்டோ போன்ற வேர்களிலிருந்து அதை எட்ட முடிகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. 500 வரிசைகள் கொண்ட ஒரு பட்டியல் காட்சி, விண்டோவின் ரீசைஸ் (அளவு மாறும்) நிகழ்வுக்கு ஒரு லிசனரை, அதாவது அந்த நிகழ்வு நேரும்போது ஓடும் ஃபங்ஷனை, வைத்திருக்கிறது என்று கொள்வோம். காட்சி நீங்கிய பிறகும் லிசனர் விண்டோவிலேயே தங்கினால், அந்த ஃபங்ஷன் தன் குளோஷர் (தான் பிறந்த இடத்தின் மாறிகளை நினைவில் வைத்திருப்பது) வழியாகக் காட்சியை உருவாக்கிய காம்பொனென்டையும், காம்பொனென்ட் 500 வரிசைகளையும் பிடித்துக்கொண்டிருக்கும். மறந்துபோன ஒரே ஒரு வரி நிரலுக்கு இதுதான் விலை.

(திரையில்: குரோம் உலாவியின் நிரலாளர் கருவிகளான டெவ்டூல்ஸ், மெமரி பகுதி)

எக்ஸ்டென்ஷன்கள் குறுக்கிடாதபடி இன்காக்னிட்டோ சாளரத்தில் செயலியைத் திறக்கவும். முகப்பிலிருந்து பட்டியலுக்கு ஒருமுறை சென்று திரும்பவும். முதல் வருகையில் ஏற்றப்படும் நிரலும் தற்காலிகச் சேமிப்பும் நியாயமானவை, அவற்றைக் கசிவாக எண்ணிவிடக் கூடாது. இப்போது ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் நினைவகத்தில் உள்ள பொருள்களின் பதிவு) எடுத்து, அதே பயணத்தை சரியாக 7 முறை செய்து, முகப்பில் நின்றபடி இரண்டாவது ஸ்னாப்ஷாட்டை எடுக்கவும். ஸ்னாப்ஷாட்டுக்கு முன் உலாவி தானே குப்பையைக் கூட்டிவிடுவதால், மிஞ்சி நிற்பவை உண்மையிலேயே யாரோ பிடித்துவைத்திருப்பவை.

7 ஏன்? அது பகா எண்; தற்செயலாக அதன் மடங்கு அமைவது அரிது. இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளின் ஒப்பீட்டுக் காட்சியில் ஒரு பொருளின் எண்ணிக்கை 7, 14 அல்லது 3500 (500 வரிசைகள் × 7) கூடியிருந்தால், ஒவ்வொரு பயணமும் அதை ஒரே அளவில் விட்டுச் செல்கிறது என்று பொருள். மெகாபைட் வரைபடம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட இந்த எண்ணிக்கையையே நான் நம்புவேன்.

அடுத்து, தேடல் பெட்டியில் 'டிடாச்ட்' என்று வடிகட்டி, பக்கத்தின் உறுப்புகள் அடங்கிய டாம் மரத்திலிருந்து அறுந்தும் அழியாத ஒரு டிவ்வை (பக்க உறுப்பை) தேர்ந்தெடுக்கவும். கீழே ரிடெய்னர்ஸ் (பிடித்துவைத்திருப்பவை) பகுதியில் சங்கிலி தெரியும்: டிவ்வைக் காம்பொனென்ட் பிடித்திருக்கிறது, அதை ஒரு குளோஷரின் கான்டெக்ஸ்ட் (அதன் மாறிகள் இருக்கும் இடம்), அதை ஒரு லிசனர், அதை விண்டோ. கன்சோலில் அச்சிட்ட பொருளை டெவ்டூல்ஸே பிடித்துவைக்கும் என்பதால், சோதனைக்கு முன் அந்த கன்சோல் வரிகளை நீக்கிவிடுங்கள்.

திருத்தத்தில் பலர் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். லிசனரை நீக்கும்போது, சேர்த்த அதே ஃபங்ஷனையே கொடுக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒத்த புதிய ஏரோ ஃபங்ஷனோ, மறுபடி பைண்ட் செய்ததோ வேறொரு பொருள். உலாவி எந்தப் பிழைச்செய்தியும் தராமல் கடந்துவிடும். ரத்துச் செய்தியை அனுப்ப உதவும் அபார்ட் கன்ட்ரோலரின் சிக்னலைக் கொடுத்து லிசனர்களைச் சேர்த்தால், காட்சி நீங்கும்போது ஒரே அழைப்பில் எல்லா லிசனர்களும் விலகும். ஃபிரேம்வொர்க்குகளில் எனில், ரியாக்டில் யூஸ்எஃபெக்ட் திருப்பித்தரும் ஃபங்ஷனும், வியூவில் ஆன்அன்மவுன்டெடும், ஆங்குலரில் என்ஜிஆன்டிஸ்ட்ராயும் இதற்கான இடங்கள். செட்இன்டர்வல், அப்சர்வர்கள், வெப்சாக்கெட் சந்தாக்கள் ஆகியவற்றையும் அங்கேயே முடித்துவிட வேண்டும்.

பிறகு 7 பயணங்களையும் மீண்டும் செய்யுங்கள். எண்ணிக்கை சற்றும் குறையாவிட்டால், திருத்தம் தவறென்று அதை அழித்துவிட வேண்டாம். ஒரு பொருளை இருவர் பிடித்திருக்கும்போது ஒருவர் விட்டதால் மட்டும் அது விடுபடாது. ரிடெய்னர்ஸ் பகுதியில் இப்போது இரண்டாவது சங்கிலி மட்டுமே எஞ்சியிருக்கும், அதைத் தொடருங்கள்.