கணக்கில் போகும் வழியும் திரும்பும் வழியும்

[திரை: இடப்பக்கம் கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர். வலப்பக்கம் கைபேசி.]

வணக்கம். இரண்டிலும் ஒரே விசைகளைத் தட்டப்போகிறோம்: 2, கூட்டல், 3, பெருக்கல், 4, சமம்.

இடப்பக்கத்தைக் கவனியுங்கள். பெருக்கல் விசையை அழுத்திய கணமே திரையில் 5 வந்துவிட்டது. கூட்டலை அப்போதே முடித்துவிட்டது. இனி அந்த 5-ஐ நான்கால் பெருக்கி 20 என்று காட்டும். கைபேசியோ அவசரப்படாமல் காத்திருந்து, முதலில் 3 × 4 = 12 போட்டு, பிறகு 2-ஐச் சேர்த்து 14 என்கிறது.

இரண்டில் எதுவும் பழுதில்லை. ஒன்று, விசை வந்த வரிசையில் வேலையை முடிக்கிறது. இன்னொன்று, வரி முழுவதையும் வாங்கிக்கொண்டு கணக்குப் போடுகிறது. தாளில் எழுதும்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை 14.

பெருக்கலுக்கு மட்டும் ஏன் முதல் பந்தியில் இலை? ஒரு டீக்கடைக் கணக்கை எழுதுவோம். டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய். இரண்டு டீ, மூன்று வடை.

[திரையில்: 2 × 15 + 3 × 10]

பெருக்கலை முதலில் முடித்தால் 30-ம் 30-ம் சேர்ந்து 60. இடமிருந்து வலமாக வந்த வரிசையிலேயே போட்டால் 30, பிறகு 33, கடைசியில் 330 ரூபாய். கடைக்காரரே சிரித்துவிடுவார். நாம் அன்றாடம் எழுதும் கணக்குகள் பெரும்பாலும் இப்படிப் பெருக்கிப் பெருக்கிக் கூட்டுபவை. பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்தால் அடைப்புக்குறி போடும் வேலை மிச்சம்.

பள்ளியில் இதைத்தான் 'போட்மாஸ்' என்று மனப்பாடம் செய்தோம்: செயல்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் செய்யும் வரிசையில் கோத்த சொல் அது. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கூட்டலுக்கு உரிய எழுத்து கழித்தலுக்கு முன்னால் வருவதால், கூட்டலைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

[திரையில்: 10 − 3 + 2]

இதற்கு விடை 5 அல்ல, 9. கூட்டலும் கழித்தலும் ஒரே தட்டு. எது இடப்பக்கம் முதலில் வருகிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அப்படியே: 24 ÷ 4 × 3 என்றால் 18.

2019-ல் இணையத்தையே இரண்டாகப் பிரித்த 8 ÷ 2(2+2) நினைவிருக்கிறதா? 16 என்று ஒரு கட்சி, 1 என்று ஒரு கட்சி. அடைப்புக்குறியை ஒட்டி நிற்கும் 2-ஐ அதனுடன் சேர்த்தே வாசிக்கும் பழக்கமும் உண்டு என்பதால் வந்த சண்டை அது. என்னைக் கேட்டால், தவறு கேள்வியை எழுதியவருடையது. இன்னொரு அடைப்புக்குறி போட்டிருந்தால் ஊர் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

ஆக, இதுவரை பார்த்தது எழுதுகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இனி வருவதில் ஏற்பாட்டுக்கு இடமே இல்லை.

ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி, ஐந்தைக் கூட்டினேன், 26 வந்தது. அந்த எண் எது? கடைசியாகச் சேர்ந்தது 5, அதை முதலில் கழிக்க வேண்டும்: 21. பிறகு மூன்றால் வகுக்க: 7. வரிசையை மாற்றி 26-ஐ முதலில் வகுத்தால் காரியம் கெட்டது. கூட்டலுக்குக் கழித்தல், பெருக்கலுக்கு வகுத்தல், வர்க்கத்துக்கு வர்க்கமூலம். இவற்றை நேர்மாறு செயல்கள் என்கிறோம். கடைசியில் செய்ததை முதலில் கழற்ற வேண்டும்.

கி.பி. 499-ஐச் சேர்ந்த, ஆர்யபடர் எழுதிய கணித, வானியல் நூலான ஆர்யபடீயத்திலேயே இது ஒரு செய்யுளாக இருக்கிறது: தலைகீழ் முறையில் பெருக்கியவை வகுப்பவையாகும், வகுத்தவை பெருக்குபவையாகும், கூட்டியது கழியும், கழித்தது கூடும். 1150-ல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் இதற்கென்றே ஒரு கணக்கு உண்டு. நிதானமாகக் கேளுங்கள்.

ஓர் எண்ணை மூன்றால் பெருக்கு. வந்ததில் முக்கால் பங்கை அதனுடனேயே கூட்டு. ஏழால் வகு. ஈவில் மூன்றில் ஒரு பங்கைக் கழி. அதை அதனாலேயே பெருக்கு. 52-ஐக் கழி. வர்க்கமூலம் எடு. 8 கூட்டு. பத்தால் வகு. விடை 2.

[திரையில் ஒவ்வொரு படியும் கீழிருந்து மேலாக ஒளிர்கிறது.]

2-ஐப் பத்தால் பெருக்க 20. எட்டைக் கழிக்க 12. வர்க்கம் 144. ஐம்பத்திரண்டைக் கூட்ட 196. வர்க்கமூலம் 14.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருக்கிறார்கள், எனவே 14-ல் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிவிடலாமா? கூடாது. கழித்தது பழைய எண்ணின் பங்கு. கையில் இருப்பதோ அதில் மீந்த இரண்டு பங்கு. இரண்டு பங்கு 14 என்றால் ஒரு பங்கு 7, முழுசு 21. ஏழால் பெருக்க 147. அடுத்ததும் அதே பொறி. முக்கால் கூட்டியதால் எண் ஒன்றேமுக்கால் மடங்காகியிருக்கிறது. அதாவது 147 என்பது ஏழு கால் பங்கு. ஒரு கால் 21, நான்கு கால் 84. மூன்றால் வகுக்க 28.

ஜிஎஸ்டி கணக்கிலும் இந்தச் சறுக்கல் நடக்கிறது. 18 சதவீத வரி சேர்ந்து 1,180 ரூபாய் என்றால், 1,180-ல் 18 சதவீதத்தைக் கழித்து 967 ரூபாய் 60 காசு என்பார்கள். சரியான வழி 1.18-ஆல் வகுப்பது, வரிக்கு முந்தைய விலை கச்சிதமாக 1,000 வரும்.

எல்லாச் செயலுக்கும் திரும்பும் வழி இருக்கிறதா என்றால், இல்லை. பூஜ்யத்தால் பெருக்கினால் எந்த எண்ணும் பூஜ்யமாகிவிடும். எங்கிருந்து வந்தோம் என்ற தடயமே மிஞ்சாது. பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பது அதனால்தான். வர்க்கமும் கொஞ்சம் மறைக்கிறது: 14-க்கும் −14-க்கும் வர்க்கம் 196 தான். நாம் 14-ஐ எடுத்துக்கொண்டோம். −14-ஐ எடுத்திருந்தால் −21, −147, −84, கடைசியில் −28. பாஸ்கரர் சொன்ன படிகளில் −28-ஐ மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். அதற்கும் 2 தான் வரும்.